படிப்பை வெறுக்காத பிள்ளை: செவ்வியல் கிறிஸ்தவக் கல்வியை வீட்டில் தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

403ஆம் ஆண்டளவில் பெத்லகேமில் துறவியாக வாழ்ந்த ஜெரோம், ரோமிலிருந்த லேட்டா என்ற இளந்தாய்க்கு, அவளுடைய மகள் பவுலாவை எவ்வாறு படிப்பிக்க வேண்டும் என்று விளக்கி நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகளைச் செதுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய பெயரைச் சொல்லிக் குழந்தையிடம் கொடு. அவள் அவற்றை வைத்து விளையாடட்டும், அந்த விளையாட்டே பாடமாகட்டும். கூடப் படிக்க அவளுக்குத் தோழியர் இருக்கட்டும். மெதுவாகக் கற்றால் கடிந்துகொள்ளாதே. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் படிப்பை வெறுத்துவிடாதபடி பார்த்துக்கொள், ஏனெனில் சிறுவயதில் உண்டாகும் கசப்பு வளர்ந்த பின்னும் தொடரும் என்பவை அவர் சொன்னவற்றின் சாரம். கடுந்தவத்துக்கும் கடுஞ்சொல்லுக்கும் பெயர்பெற்ற ஒரு மனிதர் இதைச் சொல்லியிருப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. இன்று செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி என்ற பெயரில் பாடத்திட்டங்களைத் தேடும் பெற்றோர் பலர் இந்த எச்சரிக்கையை ஏறக்குறைய விட்டுவிட்டு, லத்தீன் எத்தனையாம் வயதில், தருக்கம் எத்தனையாம் வயதில் என்ற அட்டவணையை முதலில் கேட்கிறார்கள்.

இந்த வழிகாட்டி மறுதிசையில் செல்கிறது. அறிய வேண்டும் என்ற ஆவலை நாம் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அது படைப்பிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை அணையாமல் காப்பதும், நேசிக்கத் தக்கவற்றை உரிய வரிசையில் நேசிக்கப் பழக்குவதுமே நம் வேலை. பழங்காலத் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் நற்பண்பையே ‘அன்பின் ஒழுங்கு’ என்று வரையறுத்தார். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு நோக்கத்தை வைத்தே அளந்து பார்க்க வேண்டும்.

தொடங்குமுன்: இந்தக் கல்வி எது

பழைய உலகின் கல்வி ஏழு கலைகளாக வகுக்கப்பட்டிருந்தது. இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றும் சொல்லைச் சார்ந்தவை. இவற்றை லத்தீனில் ட்ரிவியம் என்றார்கள், அதாவது முச்சந்தி. எண் கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய நான்கும் எண்ணையும் அளவையும் சார்ந்தவை. ஆறாம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் காசியோடோரஸ் தம் துறவியருக்கு வேதாகமத்தோடு இந்த ஏழையும் சேர்த்துக் கற்க வழிவகுத்தார். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யார்க் நகரத்து அறிஞர் அல்குயின் அவற்றைப் பிராங்கிய அரசர் சார்லமேனின் அரசவைக்குக் கொண்டுசென்றார்.

1947ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை ஒன்றில், அந்த மூன்று சொற்கலைகளையும் பிள்ளையின் வளர்ச்சிப் பருவங்களோடு பொருத்திக் காட்டினார்: கிளிபோல் திருப்பிச் சொல்லும் பருவம் இலக்கணத்துக்கு, எதற்கும் எதிர்வாதம் பேசும் பருவம் தருக்கத்துக்கு, தன்னை வெளிப்படுத்தத் தவிக்கும் பருவம் சொல்வன்மைக்கு. இன்றைய செவ்வியல் பள்ளிகள் பெரும்பாலும் இந்தப் பொருத்தத்தின்மேல்தான் நிற்கின்றன. இது பயனுள்ள பார்வை என்றாலும், இடைக்காலத்தவர் அக்கலைகளை வயதோடு இவ்வாறு கட்டிவைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையும் ‘ஏன்’ என்று கேட்கும். பதினாறு வயது மாணவனும் புதிய மொழியை மனப்பாடத்தில்தான் தொடங்குவான். பருவங்களைக் கூண்டுகளாக்கினால், சிறியவன் கேட்கும் நல்ல கேள்வியை ‘அது பிறகு’ என்று தள்ளிவிடுவோம்.

இதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது? காலையில் ஒரு ஜெபத்தையும் வாரத்துக்கு ஒரு வேதபாடத்தையும் சேர்ப்பதால் கல்வி கிறிஸ்தவக் கல்வியாகிவிடாது. எபேசியர் 6:4இல் ‘கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில், ‘சிட்சை’ என்பதற்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் பைதேயா. ஒரு கிரேக்கனுக்கு அந்தச் சொல் மனிதனை முழுமையாக உருவாக்கும் வளர்ப்பு முறை அனைத்தையும் குறித்தது. அதே வசனம் ‘உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்’ என்ற நிபந்தனையோடு தொடங்குகிறது என்பதும் இங்கே முக்கியம்.

படி 1: முதலில் நீங்கள் கற்கத் தொடங்குங்கள்

உபாகமம் 6ஆம் அதிகாரத்தின் வரிசையைக் கவனியுங்கள். 6ஆம் வசனத்தில் வார்த்தைகள் பெற்றோரின் இருதயத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதன்பின் 7ஆம் வசனத்தில்தான் பிள்ளைகளுக்குப் போதிக்கும் கட்டளை வருகிறது. 20ஆம் வசனத்தில் பிள்ளை தானாகவே வந்து, இவை என்ன என்று கேட்கிறது. கேள்வி பிள்ளையிடமிருந்து பிறப்பதற்கு முன்னால், வீட்டில் ஏதோ ஒன்று கேள்விக்குரியதாக நடந்துகொண்டிருக்க வேண்டும்.

ஆகவே பாடநூல் வாங்குவதற்கு முன் மூன்று மாதங்களை உங்களுக்காக ஒதுக்குங்கள். உங்களுக்குக் கடினமான ஒரு நூலை எடுத்து, நாளுக்கு இருபது நிமிடம், பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் அமர்ந்து படியுங்கள். புரியாத இடத்தைப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாகவே தோன்றும் வீட்டில், கற்பது சிறியவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலையாக மட்டுமே பிள்ளையின் மனத்தில் பதிகிறது. நான் கற்பிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒவ்வொரு பாடத்தையும் முன்னிரவே தயாரித்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கும் தடுமாறாதவனாக நடித்தேன். அந்த ஆண்டு முழுவதும் கேள்விகள் மிகவும் குறைவாகவே வந்தன.

படி 2: நாளைச் சுருக்குங்கள்

பள்ளி என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொற்கள் ஸ்கோலே என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் ஓய்வு. பிழைப்புக்கான வேலையிலிருந்து விடுபட்டு, உயர்ந்தவற்றைச் சிந்திக்கக் கிடைத்த நேரம் என்பது அதன் கருத்து. பன்னிரண்டு பாடங்களால் நிரம்பிய நேர அட்டவணையில் அந்த ஓய்வுக்கு இடமில்லை.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒரு பாடம் பதினைந்து முதல் இருபது நிமிடம் போதும். அந்த நேரம் முழுக் கவனத்தோடு நடக்க வேண்டும். முடிந்ததும் உண்மையிலேயே முடிய வேண்டும். கவனம் சிதறுவதற்கு முன் நிறுத்தினால், மறுநாள் பிள்ளை அதே இடத்துக்கு விருப்பத்தோடு வருகிறது. காலையில் எழுத்து, வாசிப்பு, கணிதம், மனப்பாடம் ஆகியவற்றை முடித்துவிட்டு, பிற்பகலை வெளியில் திரியவும், கையால் எதையாவது செய்யவும், சும்மா இருக்கவும் விட்டுவிடுங்கள். சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளை புலம்பினால், உடனே எதையும் கையில் கொடுக்காதீர்கள்.

திரையைப் பற்றி இங்கேயே ஒரு சொல். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அறிவுத் தாகத்தை இரண்டாகப் பிரித்தார்: ஒன்றில் நிலைத்து முயலும் ஒழுங்கான தாகத்தை நற்பண்பாகவும், ஒழுங்கின்றி அலைந்து எதையெதையோ அறியத் துடிப்பதைக் குறையாகவும் கண்டார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கம் இரண்டாவதை வளர்ப்பதில் வல்லது. வீட்டில் அதற்கு எல்லை வகுக்காமல் முதலாவதை வளர்க்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதாகவே முடியும்.

படி 3: வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) கற்பித்தலின் மையத்தில் வைத்த இம்முறைக்குச் செலவில்லை, பயிற்சிப் புத்தகம் தேவையில்லை, ஆனாலும் பொறுமை நிறைய வேண்டும்.

நல்ல மொழியில் எழுதப்பட்ட ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசியுங்கள். ஈசாப்பின் சிறு கதையிலோ உவமை ஒன்றிலோ தொடங்கலாம். வாசித்து முடித்ததும், கேட்டதைச் சொல்லும்படி பிள்ளையிடம் கேளுங்கள். அது சொல்லும்போது குறுக்கிடாதீர்கள். விட்ட இடத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். தவறான சொல்லை நடுவில் திருத்தாதீர்கள். முடித்த பிறகு, நீங்கள் கவனித்த ஒன்றை நீங்களும் சொல்லுங்கள். இரண்டாம் முறை வாசிக்கப்படும் என்று தெரிந்தால் முதல் முறை காது திறக்காது. ஆகவே அந்த ஒரு முறை என்ற விதியைத் தளர்த்த வேண்டாம். ஆறு வயதுக்கு முன் இதைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். முதல் சில வாரங்களில் இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிடும் பிள்ளை, சில மாதங்களில் நூலாசிரியரின் சொற்றொடர்களையே தன்னுடையவைபோல எடுத்தாளத் தொடங்கும்.

வேதாகமக் கதைகளில் ஓர் ஆபத்து உண்டு. கதை முடிந்த மறுகணமே, ‘ஆகவே நாமும்’ என்று தொடங்கிக் கதையை ஒரு நல்லொழுக்கப் பாடமாகச் சுருக்கிவிடுகிறோம். பாவம் செய்த தாவீது அரசனிடம் தீர்க்கதரிசி நாத்தான் என்ன செய்தான்? ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொல்லி நிறுத்தினான். தாவீது கோபம் மூண்டு, தானே தீர்ப்புக் கூறினான். அதன் பிறகுதான் ‘நீயே அந்த மனுஷன்’ என்ற சொல் வந்தது. கதைக்கும் பொருளுக்கும் நடுவே கேட்பவனுடைய உள்ளம் வேலை செய்ய இடம் விட்டவன் நாத்தான். ஊதாரி மகனின் கதை வரும் லூக்கா 15ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, பிள்ளை அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள்: இளைய மகனின் பாவத்தை நாம் வலியுறுத்த நினைத்திருக்க, தகப்பன் ஓடினான் என்பதைப் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கும். அதை விட்டுவிடுங்கள், அது சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறது.

படி 4: மனப்பாடத்தைச் சுமையாக்காமல் செய்யுங்கள்

செவ்வியல் கல்விக்கு மனப்பாடம் இன்றியமையாதது. அதைப் பாழாக்குவதும் மிக எளிது. தம் சிறுவயதை நினைவுகூரும் அகஸ்டின், ‘ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் இரண்டும் நான்கு’ என்ற பாட்டு தமக்கு அருவருப்பாக இருந்தது என்றும், மரக்குதிரைக்குள் ஒளிந்த வீரர்களும் எரிந்த திராய் நகரமும் இனித்தன என்றும் எழுதுகிறார். கிரேக்கத்தை அடிக்குப் பயந்து கற்றதால் வெறுத்தார். லத்தீனைத் தாதியரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் கேட்டே கற்றுக்கொண்டார். அச்சமூட்டும் கட்டாயத்தைவிடச் சுதந்திரமான ஆவலே கற்பதற்கு வலிமை மிக்கது என்பது அவர் கண்ட முடிவு. அதற்காக ஒழுங்கே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அலையும் ஆவலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார்.

செயல்முறை இதுதான். ஒரு காலத்தில் ஒரே ஒரு புதிய பகுதியை எடுங்கள். முதலாம் சங்கீதத்திலோ 23ஆம் சங்கீதத்திலோ தொடங்கலாம். முதல் வாரம் பிள்ளை எதையும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நாள்தோறும் ஒரு முறை அழகாகச் சொல்லுங்கள், அது கேட்கட்டும். கடினமான சொற்களின் பொருளை அப்போதே விளக்குங்கள், பொருள் தெரியாமல் நாவில் ஏறியது விரைவில் உதிர்ந்துவிடும். இரண்டாம் வாரம் பிள்ளை கூடச் சேர்ந்து சொல்லும். மூன்றாம் வாரம் தனியாகச் சொல்லும். பிறகு வாரத்துக்கு ஒரு முறை, அதன்பின் மாதத்துக்கு ஒரு முறை என்று மீட்டுச் சொல்லவைத்தால் அது நிலைக்கும். சங்கீதங்களோடு கர்த்தருடைய ஜெபம், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், பெருக்கல் வாய்பாடு, வரலாற்றுக் கால வரிசை, நல்ல கவிதைகள் ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். 119ஆம் சங்கீதம் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில், எழுத்துக்கு எட்டு வசனங்களாக அமைந்திருப்பதைப் பிள்ளைக்குக் காட்டினால், மனப்பாடத்துக்கு உதவும் கட்டமைப்பு வேதத்திலேயே இருப்பதை அது மகிழ்ச்சியோடு கண்டுகொள்ளும்.

வந்திருக்கும் விருந்தினர் முன் பிள்ளையை நிறுத்தி ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெருமை உங்களுக்கு உரியது, கூச்சம் மட்டும் பிள்ளைக்கு.

படி 5: ஒரு பழைய மொழி

லத்தீன், கிரேக்கம், எபிரெயம் இவற்றுள் ஒன்றை ஒன்பது அல்லது பத்து வயதில், நாளுக்குப் பதினைந்து நிமிடமாகத் தொடங்கலாம். லத்தீன் மேற்கத்திய நூல்களுக்கு வாசல். கிரேக்கமோ புதிய ஏற்பாட்டின் மொழி, ஆகவே பயனை மட்டும் பார்த்தால் அதைத்தான் நான் முதலில் வைப்பேன். கற்பிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் இந்தப் படியைத் தள்ளிப்போடுங்கள்; தாய்மொழியின் இலக்கணத்தையும் பழைய இலக்கியத்தையும் ஆழமாகக் கற்பது, அரைகுறை லத்தீனைவிடப் பல மடங்கு மேலானது.

படி 6: எண், வடிவம், இசை, வானம்

செவ்வியல் கல்வி என்றாலே இலக்கியம் என்று நினைத்து, இந்த நான்கையும் பயிற்சித்தாள்களுக்கு விட்டுவிடுவது பரவலான தவறு. கையும் கண்ணும் முதலில் வேலை செய்யட்டும். ஒரு கவராயமும் அளவில்லாத நேர்விளிம்பும் கொடுத்து, பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் முதல் நூலில் முதல் கூற்றாக வரும் சமபக்க முக்கோணத்தைப் பிள்ளையே வரையட்டும். மூன்று பக்கமும் சமம் என்பதை அளவுகோலால் அளக்காமல், இரண்டு வட்டங்களின் ஆரங்களை வைத்தே நிறுவ முடியும் என்று கண்டுகொள்ளும் கணம், ‘நம்பு’ என்று ஆசிரியர் சொல்வதற்கும் ‘கண்டேன்’ என்று தானே சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதற்குமாகக் கற்பித்துவிடும்.

இழுத்துக் கட்டிய ஒரு தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் மீட்டினால் பஞ்சமம் கிடைக்கும். எண் காதில் கேட்கிறது! வானியலுக்கு, ஒரு மாதம் நாள்தோறும் நிலாவை வரைந்து தேதியிடுவது போதும். ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாளில் அது தொடங்கிய நிலைக்குத் திரும்புவதைப் பிள்ளை தன் ஏட்டிலேயே காணும். யோபு 38ஆம் அதிகாரத்தில் அறுமீனையும் மிருகசீரிடத்தையும் பற்றிக் கர்த்தர் கேட்கும் கேள்வியை, அவ்விரண்டையும் வானத்தில் அடையாளம் காட்டிய இரவிலேயே வாசியுங்கள்.

‘கர்த்தரின் செய்கைகள் பெரியவைகளும், அவைகளில் பிரியப்படுகிற எல்லாராலும் ஆராயப்படுகிறவைகளுமாயிருக்கிறது’ என்கிறது சங்கீதம் 111:2. கேம்பிரிட்ஜில் 1874இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் வாசற்கதவில் இவ்வசனம் லத்தீனில் பொறிக்கப்பட்டது. பிரியப்படுவது முன்னே நிற்க, ஆராய்வது அதைத் தொடர்ந்து வருவதை அந்த வசனத்தின் அமைப்பே காட்டுகிறது.

படி 7: எதிர்வாதம் பேசும் வயதை வரவேற்றுப் பயிற்றுவியுங்கள்

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளை எதற்கும் மறுப்புச் சொல்லத் தொடங்கும்போது பல பெற்றோர் அதைக் கீழ்ப்படியாமை என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். மரியாதையின்மையைத் திருத்துங்கள், வாதத்தைத் திருத்தாதீர்கள். அதற்கு வேலை கொடுங்கள். வேதத்திலிருந்தே தொடங்கலாம். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்று இயேசு பதிலளிக்கிறார். இரண்டே வழிகள்தான் உண்டு என்று பாவித்துக் கேட்கும் கேள்வியின் பிழையை இதைவிடத் தெளிவாக எந்தத் தருக்கப் பாடநூலும் காட்டிவிடாது. யோபின் நண்பர்கள் பொதுவாக உண்மையான கூற்றுகளைப் பொருந்தாத மனிதன்மேல் ஏற்றிப் பேசுவதும் நல்ல பாடம்.

வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்த்தரப்பின் கருத்தை, அவரே ‘ஆம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகே மறுக்கலாம். அக்குவினாஸ் ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்ப்புகளை முதலில் அடுக்கி, பின்னர் தம் விடையைக் கூறி, இறுதியில் எதிர்ப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் தந்தது இந்த முறையில்தான். இந்த விதி பெற்றோருக்கும் பொருந்தும் என்பதைப் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். விசுவாசத்தைப் பற்றிய கடினமான கேள்விகளும் இந்த வயதில்தான் வரும். அவற்றுக்கு அவசர விடை கொடுத்து வாயடைத்தால், அடுத்த கேள்வியை நம்மிடம் கொண்டுவர மாட்டார்கள்.

படி 8: எழுத்தும் பேச்சும்

கிரேக்க ஆசிரியர்கள் சொல்வன்மைக்கு முற்பயிற்சியாகப் பதினான்கு பயிற்சிகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். நீதிக்கதையைச் சுருக்கியும் விரித்தும் சொல்வதில் தொடங்கி, நிகழ்ச்சியை விவரித்தல், பழமொழியை விளக்குதல், ஒரு கதையை மறுத்தல், அதையே நிலைநாட்டுதல், புகழ்தல், பழித்தல், ஒப்பிடுதல், இன்னொருவரின் குரலில் பேசுதல் என்று நகர்ந்து, ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ வாதிடுவதில் அது முடிந்தது. ‘உனக்குத் தோன்றியதை எழுது’ என்று வெற்றுத்தாளைக் கொடுப்பதைவிட இது பிள்ளைக்கு இரக்கம் காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் பல வாரங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மிகவும் விரும்புவது இன்னொருவர் குரலில் பேசும் பயிற்சி: ஊதாரி மகனின் கதையில் விருந்துக்குள் வர மறுத்த மூத்த மகன் அன்றிரவு தனியே என்ன நினைத்திருப்பான் என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

படி 9: பிறர் நூல்களைக் குறித்த அச்சம்

கிரேக்கக் கவிஞர் ஹோமரையும் பிற சமயத்தாரின் காவியங்களையும் படிக்கலாமா என்ற கேள்வி எப்படியும் வரும். நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்துப் பேராயர் பசில், இளைஞருக்கு எழுதிய அறிவுரையில் தேனீயைக் காட்டினார்: அது எல்லாப் பூவிலும் அமர்வதில்லை, அமர்ந்த பூவையும் முழுதாகச் சுமந்து செல்வதில்லை, தனக்கு வேண்டியதை எடுத்து மற்றதை விட்டுவிடுகிறது. மோசே எகிப்தியரின் கல்வியைக் கற்றதையும், தானியேல் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்றதையும் அவரும் நினைவூட்டுகிறார். பவுல் ஏதென்ஸில் கிரேக்கக் கவிஞரின் வரியை மேற்கோள் காட்டிப் பேசினார். ஆனால் வரிசை முக்கியம். பவுலாவுக்கு ஜெரோம் வகுத்த வரிசையில் சங்கீதங்கள் முதலிலும், பின்னர் நீதிமொழிகள், பிரசங்கி, யோபு, அதற்குப் பின் சுவிசேஷங்களும் நிருபங்களும் வந்தன; உன்னதப்பாட்டைக் கடைசியில் வைத்தார். எதைப் படிப்பது என்பதைப் போலவே எப்போது படிப்பது என்பதும் ஆசிரியரின் தீர்ப்புக்கு உரியது.

படி 10: மதிப்பெண்ணை ஓரங்கட்டி, வேறு அடையாளங்களைத் தேடுங்கள்

சிறு பரிசுகளை ஜெரோமே அனுமதித்தார். ஆகவே எல்லாப் பரிசும் தீது என்று நான் சொல்ல மாட்டேன். பரிசு படிப்பின் விலையாகிவிட்டால், பரிசு நின்றதும் படிப்பும் நின்றுவிடும். பத்து வயதுவரை மதிப்பெண்ணே வேண்டாம். சரி, தவறு என்று சொல்லுங்கள், திருத்தச் சொல்லுங்கள், அது போதும். படிப்பை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள்: செய்த தவற்றுக்காக ஐம்பது முறை வசனம் எழுதச் சொல்லும் பழக்கம், வசனத்தையும் எழுத்தையும் ஒரே அடியில் கசக்கவைக்கும்.

மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொள்ளுங்கள். பாட நேரம் முடிந்த பிறகு பிள்ளை அதே புத்தகத்தைத் திறந்த நாள், வாசித்த கதையைத் தங்கைக்குச் சொன்ன நாள், நீங்கள் விடை சொல்ல முடியாத கேள்வி வந்த நாள், மனப்பாடம் செய்த சங்கீதத்தின் வரி ஒன்று தானாக ஜெபத்தில் வந்த நாள் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். ஆண்டின் இறுதியில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், அடுத்த ஆண்டுக்குப் புதிய பாடநூலைத் தேடாமல் இரண்டாம் படிக்குத் திரும்பி, பாடங்களில் பாதியை எடுத்துவிட்டு, வாசித்துக் காட்டுவதை மட்டும் மூன்று மாதம் தொடருங்கள்.